சில்லறையில் வெள்ளி இல்லை

சில்லறையைக் கொட்டித் தேடினால் வெள்ளிக் காசு அகப்படும். அகப்பட்ட காசு லட்சத்துக்கு விலைபோகும். இந்த நம்பிக்கை இன்று டீக்கடை கல்லா வரைக்கும் வந்துவிட்டது. உண்டியல் காசு எண்ணும் இடத்திலும், பேருந்து நடத்துனரின் தோல்பையிலும், வங்கியில் நூறு நூறாகக் கட்டித் தரும் பிளாஸ்டிக் பைகளிலும் புதையல் இருப்பதாகக் காணொளிகள் நாள்தோறும் சொல்கின்றன. படித்தவர்களும் நம்புகிறார்கள். காசு சேர்ப்பவன் என்று தெரிந்ததும் என்னிடம் வருகிற முதல் கேள்வி, "இது எந்தக் காலத்துக் காசு?" என்பதல்ல. "இது எத்தனை லட்சம் போகும்?" என்பதுதான்.

நம்புகிறவர்களை ஏமாளிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் பக்கம் உண்மைகள் இருக்கின்றன. வெள்ளி ரூபாய் இந்த நாட்டில் நூறு ஆண்டுக்கு மேல் கைக்குக் கை மாறிய பணம். சில பழைய நாணயங்கள் ஏலத்தில் லட்சக்கணக்கில் விலைபோவதும் மெய். வெள்ளி விலையும் ஏறியிருக்கிறது. 2025-ல் கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, தேடுவதால் நட்டமில்லை என்கிறார்கள்: ஐந்து ரூபாய்க் காசை ஐந்து ரூபாய்க்கு வாங்கிப் பார்க்கிறோம், ஒன்றும் இல்லையென்றால் ஐந்து ரூபாய்க்கே செலவழிக்கிறோம், கிடைத்தால் யோகம். அடுக்கிப் பார்த்தால் கச்சிதமான வாதம்தான். ஆனால் இந்த உண்மைகளிலிருந்து அந்த முடிவு பிறக்காது. பிறக்காத முடிவை நம்பி மக்கள் பணத்தை இழக்கிறார்கள், நல்ல காசுகள் பாழாகின்றன. அதனால் இதை ஒவ்வொன்றாக மறுத்தாக வேண்டும்.

1.

இந்தத் தேடல் எந்த மண்ணில் முளைத்தது என்று யாராவது கேட்டார்களா? அமெரிக்காவில். அங்கே அதற்கு நியாயம் உண்டு. 1964 வரை அமெரிக்காவின் பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட், அரை டாலர் மூன்றிலும் 90 சதவீதம் வெள்ளி. 1965 ஜூலை 23 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட நாணயச் சட்டம் முதல் இரண்டிலிருந்தும் வெள்ளியை அடியோடு நீக்கியது. அரை டாலரில் 40 சதவீதமாகக் குறைத்தது. 1971 முதல் புழக்கத்துக்கு வந்த அரை டாலரில் அதுவும் இல்லை. உலோகம் மாறியதே தவிர, காசின் விட்டம் மாறவில்லை, முகம் மாறவில்லை, மதிப்பு மாறவில்லை. பழையது செல்லாது என்று அரசு ஒருநாளும் அறிவிக்கவில்லை. 1964-ல் அடித்த ரூஸ்வெல்ட் பத்து சென்ட் இன்றும் பத்து சென்ட்டாகச் செல்லும். வங்கி காகிதத்தில் சுற்றித் தரும் சுருளில், பத்து சென்ட் என்றால் ஐம்பது காசு, அரை டாலர் என்றால் இருபது காசு, பழையதும் புதியதும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். சுருளைப் பிரித்து விளிம்பைப் பார்க்கிறார்கள். பிற்காலத்துக் காசின் விளிம்பில் செம்பு வரி ஓடும். வெள்ளியின் விளிம்பு முழுக்க ஒரே வெண்மை. அவ்வளவுதான் வித்தை.

அங்கேயும் அள்ளும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. வெள்ளிக் காசைப் பதுக்குவதால் லாபம் வராது என்று ஜான்சன் கையெழுத்திட்ட அன்றே சொல்லிப் பார்த்தார். மக்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே மதிப்பில் நல்ல காசும் மட்டமான காசும் சேர்ந்து புழங்கினால் நல்லது பெட்டிக்குள் போய்விடும் என்பது பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த விதி. சில ஆண்டுகளிலேயே வெள்ளி மறைந்தது. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை எட்டிப் பிடித்தபோது மிஞ்சியதில் பெரும்பகுதி உலைக்குப் போனது. இன்று அமெரிக்கச் சுருளில் கிடைப்பது இத்தனை சல்லடைகளுக்கும் தப்பிய மிச்சம்.

அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்து வந்து இந்தியச் சில்லறையில் போட்டுப் பாருங்கள். ஒன்றும் ஒட்டாது. பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடை, 30 மில்லிமீட்டருக்கு மேல் விட்டம். இன்று புழங்கும் எந்தக் காசையும்விடப் பெரியது; இருபது ரூபாய்க் காசையும்விடப் பெரியது. கணக்குமுறையும் வேறு. பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1 அன்று நூறு காசு என்று மாறியது. அதற்குப் பிறகு நாலணா, எட்டணா என்று வாயால் சொன்னோம். கையில் இருந்தது வெள்ளி இல்லாத வேறு உலோகம். அந்தப் புதிய காசுகளிலும் 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று ஆகிவிட்டன. அமெரிக்கச் சுருளில் வெள்ளிக்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. நம் சில்லறையில் இல்லை. ராணி தலை போட்ட ரூபாய் ஒரு நடத்துனர் கைக்கு வந்தால், அது அவர் கண்ணில் படாமல், அவருக்கு முன் அதைத் தொட்ட நூறு பேர் கண்ணிலும் படாமல், மீதிச் சில்லறையாக உங்கள் கைக்கு எப்படி வரும்?

2.

அப்படியானால் அந்த வெள்ளியெல்லாம் எங்கே போனது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் யாரும் சில்லறைப் பையை அவிழ்க்க மாட்டார். ஆகவே இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. 180 கிரெய்ன் எடை, பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. நூறு ஆண்டுக்கு மேல் இந்த எடையும் தரமும் மாறவில்லை. முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து படைக்கு ஆளும் பொருளும் வாங்க வெள்ளி ரூபாய் தேவைப்பட்டது. நாணயச்சாலையில் வெள்ளி தீர்ந்துகொண்டிருந்தது. 1917-ல் ஒரு ரூபாய்த் தாள் அச்சிட்டதும் அதனால்தான். 1918-ல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, தன் கருவூலத்திலிருந்த சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் பெரும்பங்கு பிரிட்டன் வழியாக இந்திய ரூபாய் அடிக்க வந்தது. அந்த ஓராண்டில் மட்டும் கல்கத்தாவும் பம்பாயும் சேர்ந்து 40 கோடிக்கு மேல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் அடித்தன. உங்கள் வீட்டில் 1918 என்று போட்ட வெள்ளி ரூபாய் இருந்தால், அதற்குள் அமெரிக்க டாலரின் வெள்ளி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இரண்டாம் உலகப்போர் கதையைத் திருப்பியது. போர் பயத்தில் மக்கள் தாளைக் கொடுத்து வெள்ளி ரூபாயை வாங்கி வீட்டில் பூட்டினார்கள். 1940-ல் அரசு ரூபாயின் எடையில் பாதிதான் வெள்ளி என்று குறைத்தது. அதோடு நிற்கவில்லை. 1941 முதல் 1943 வரை விக்டோரியா தலை, எட்வர்டு தலை, பிறகு ஜார்ஜ்களின் பழைய தரக் காசு என்று வரிசையாகச் செல்லாமல் ஆக்கித் திரும்ப வாங்கியது. அமெரிக்கா செய்யாமல் விட்ட காரியம் இது. மன்னர் பெயர் சொல்லி அழைத்து வெள்ளியைப் புழக்கத்திலிருந்து வெளியேற்றிய அரசு நம்முடையது. 1945-க்குப் பிறகு வெள்ளி ரூபாய் அடிக்கவே இல்லை. 1947-ல் புலி போட்ட நிக்கல் ரூபாய் வந்தது.

பாதி வெள்ளிக் காசு மட்டுமாவது மிஞ்சியதா? போர்க் காலத்தில் அமெரிக்கா கடன்-குத்தகை ஏற்பாட்டில் இந்தியாவுக்கு 22 கோடி அவுன்சுக்கு மேல் வெள்ளி கொடுத்திருந்தது. போருக்குப் பின் அதை வெள்ளியாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடனை அடைக்க, திரும்ப வாங்கிய பாதி வெள்ளிக் காசுகளை உருக்கி வெள்ளியைப் பிரித்தெடுக்கக் கல்கத்தா அலிப்பூரில் ஒரு சுத்திகரிப்பு ஆலையே நிறுவினார்கள். நம் தாத்தாக்கள் சந்தையில் கொடுத்து வாங்கிய எட்டணாவும் ரூபாயும் கட்டி வெள்ளியாகிக் கப்பல் ஏறிப் போயின. அரசிடம் திரும்பாதது தட்டான் பட்டறைக்குப் போனது. ரூபாய் வெள்ளியின் தரம் நம்பத்தக்கது என்று ஊருக்கே தெரியும். கொலுசும் தண்டையும் அரைஞாணும் செய்ய அதைத்தான் உருக்கினார்கள்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சிய வெள்ளி எங்கே இருக்கிறது? வீடுகளில். பாட்டியின் டிரங்குப் பெட்டியில், பூஜை அறைக் கலசத்தில், அரிசிப் பானைக்குள் போட்டு வைத்த முடிச்சில். அங்கே இருப்பது சேமிப்பு. ஒருவர் தேர்ந்தெடுத்து, வேண்டுமென்றே புழக்கத்திலிருந்து எடுத்து வைத்தது. கோயில் உண்டியலில் எப்போதாவது வெள்ளி ரூபாய் விழுவதும் அப்படித்தான். வேண்டுதலுக்காக ஒருவர் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து போட்டிருப்பார். சுதந்திர இந்தியாவும் வெள்ளிக் காசு அடித்ததே என்பார்கள். அடித்தது. 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாயில் 80 சதவீதம் வெள்ளி. அதை வாங்கியவர் யாரும் கத்தரிக்காய் வாங்கக் கொடுக்கவில்லை. யாரோ சேர்த்து வைத்ததைச் சில்லறையில் கண்டெடுத்த வெற்றியாகக் காட்டுவதுதான் இந்தக் காணொளிகளின் முதல் பொய்.

3.

பழையது என்றால் அரியதா? இந்தக் குழப்பத்தின் வேரே இதுதான்.

1862 என்று ஆண்டு போட்ட விக்டோரியா ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்று அறுபது ஆண்டுக்கு மேற்பட்டது என்று கேட்டதும் மூச்சு முட்டும். 1862-ல் அச்சில் பொறித்த அந்த ஆண்டை அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் மாற்றவே இல்லை. 1860-களிலும் 1870-களின் தொடக்கத்திலும் அடித்து வெளியே வந்த கோடிக்கணக்கான ரூபாய்களில் 1862 என்றே இருக்கும். பூ வேலைப்பாட்டில் உள்ள நுண்ணிய புள்ளிகளை லென்ஸ் வைத்து எண்ணித்தான் எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை என்று சேகரிப்பாளர்கள் பிரிக்கிறார்கள். அதற்கு முந்தைய 1840 என்ற ஆண்டும் 1862 வரை இப்படியே ஓடியது. அதற்கும் முந்தைய 1835-ம் அப்படியே. நாற்பது ஆண்டு உற்பத்தி முழுவதும் மூன்றே ஆண்டு எண்களில் அடங்கிவிட்டது. இந்த ரூபாய்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. தேய்ந்த நிலையில் இருந்தால் வெள்ளி விலைக்குச் சற்று மேலே வைத்து வாங்கிக்கொள்ளலாம்.

இன்னும் பழையதற்குப் போவோம். 1808-ல் சென்னை மாகாணத்துக்காகக் கம்பெனி பர்மிங்காமில் இருந்த சோஹோ நாணயச்சாலையில் பத்துக் காசு, இருபது காசு என்று செம்புக் காசுகள் அடித்தது. அவற்றை டன் கணக்கில் ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் முக்குளித்து எடுத்தபோது பத்து லட்சம் அளவில் காசுகள் வெளியே வந்தன. இருநூறு ஆண்டுப் பழமை, கப்பல் கவிழ்ந்த கதை, கம்பெனி முத்திரை, சென்னைக்கே வரவேண்டிய காசு. எல்லாம் இருந்தும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை கைச்செலவுப் பணத்தில் வாங்கும் விலைக்குத்தான் அது இன்று விற்கிறது. எண்ணிக்கை அவ்வளவு.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் வயதில் இளையது. ஆனால் அகப்படுவது அரிது. அதற்குத்தான் லட்சங்கள் கொடுக்கிறார்கள். 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னர் அங்கியிலிருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று கிளர்ச்சி கிளம்ப, அடித்ததில் பெரும்பகுதியை அரசே உருக்கியது. மிஞ்சியதற்குத் தேவை கூடியது. எத்தனை மிஞ்சின, எந்த நிலையில் மிஞ்சின, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்து விலையை உண்டாக்குகின்றன. வயதுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. 1939-க்கு இவ்வளவு விலை என்று தெரிந்ததும் நடந்தது என்ன? ஆண்டைத் திருத்திய போலியும் புதிதாக அச்சு வெட்டிய போலியும் சந்தையில் நிரம்பின. ஆண்டெண்ணை மட்டும் பார்த்து மகிழ்கிறவருக்குப் போலிதான் கிடைக்கும்.

அரியதல்லாத வெள்ளி ரூபாய்க்கு என்ன மதிப்பு என்று நீங்களே கணக்குப் போடலாம். 11.66 கிராமில் பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி. கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,069 ரூபாய். 1940 முதல் அடித்த பாதி வெள்ளி ரூபாய் என்றால் 583 ரூபாய். வெள்ளி இரண்டு மடங்கு ஏறினால் இதுவும் இரண்டு மடங்கு. லட்சம் எங்கிருந்து வந்தது?

4.

அந்த லட்சத்தை யார் கொடுக்கிறார்கள்? பெயர் சொல்ல ஒருவரும் இல்லை. விற்பனைத் தளத்தில் ஒருவர் ஐந்து லட்சம் என்று போட்டு வைத்திருப்பதைப் படம் பிடித்து "விலை ஐந்து லட்சம்" என்கிறார்கள். அவர் கேட்பது ஐந்து லட்சம். யாரும் வாங்கியதாக அங்கே எழுதியிருக்காது. வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் இந்த வதந்தியில் அதிகம் அடிபட்டவை. கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக வெளியிட்டுச் சாதாரணப் புழக்கத்துக்கு விட்ட காசுகள் அவை. இன்றும் காய்கறிக் கடையில் மாறுகின்றன. ஐந்து ரூபாய்க் காசின் விலை ஐந்து ரூபாய்தான்.

மோசடி இதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. காணொளியின் கீழே இருக்கும் எண்ணுக்குக் காசின் படத்தை அனுப்பியதும், "உங்கள் காசைப் பதினைந்து லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், அண்ணே" என்று பதில் வரும். முதலில் பதிவுக் கட்டணம். பிறகு ஜிஎஸ்டி. பிறகு ரிசர்வ் வங்கி தடையில்லாச் சான்று, அதில் முத்திரையும் இருக்கும். பிறகு பணம் கொண்டுவரும் வண்டிக்கு இன்சூரன்ஸ். ஒவ்வொரு முறையும் கேட்பது சில ஆயிரம்தான். முன்பு கட்டியது வீணாகிவிடுமே என்று அடுத்ததையும் கட்டுகிறார்கள். 2021 ஆகஸ்ட் 4 அன்று ரிசர்வ் வங்கியே வெளிப்படையாக எச்சரித்தது: பழைய நோட்டு, காசு விற்பனையில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை, கட்டணமோ கமிஷனோ ஒருபோதும் கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று. அந்த அறிவிப்புக்குப் பிறகும் கடை நடந்துகொண்டுதான் இருக்கிறது. வெளிநாட்டுச் செல்வந்தர் வாங்கப்போகிறார் என்ற ஆசை வார்த்தையும் பொய். நூறு ஆண்டைத் தாண்டிய நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது.

5.

நட்டமில்லை என்பதுதான் எல்லாரும் கடைசியாக ஒதுங்குகிற இடம். அங்கேயும் நிற்க முடியாது.

சென்னையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில் ஒரு அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து என் முன்னால் ஒரு ரூபாயை வைத்தார். மாமியாருடையது என்றார். 1877-க்குப் பிந்தைய விக்டோரியா, பேரரசி பட்டம் போட்டது. ராணியின் மார்பு ஆடையில் பூத்தையல் இன்னும் மேடாக நின்றது. அவ்வளவு தேயாத காசு எளிதில் வராது. ஆனால் முகம் முழுவதும் மயிரிழை மாதிரிக் கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். எழுத்துகளின் இடுக்கில் வெள்ளைப் பொடி. "விலை பேசப் போறோமே, கறுப்பா இருந்தா நல்லாருக்காதுன்னு புளி போட்டு ஊறவச்சு, பல்பொடி போட்டுத் தேச்சேன் தம்பி" என்றார். காணொளியில் பளபளப்பான காசைக் காட்டியிருந்தார்களாம். அந்தக் கறுப்பு நூறு ஆண்டுக்கு மேல் காற்றோடு வெள்ளி கலந்து உண்டான மேல்தோல். சேகரிப்பாளர் அதற்குத்தான் பணம் கொடுக்கிறார். அதை உரித்த பிறகு காசு வெறும் வெள்ளியாகிவிடுகிறது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவரைத் தேய்க்க வைத்தவர்கள்மேல் வந்தது. சரியான விலை கிடைக்கும் என்று நம்பித்தான் அவர் அந்தக் காசின் விலையைத் தன் கையாலேயே குறைத்தார்.

நட்டம் சில்லறைக்கும் உண்டு. காசைப் பற்றிய வதந்தி இந்த மாநிலத்தில் என்ன செய்யும் என்று பார்த்தவர்கள் நாம். பத்து ரூபாய்க் காசு செல்லாது என்ற பேச்சு கிளம்பி, பல ஊர்களில் கடையிலும் பேருந்திலும் அதை வாங்கவே மறுத்தார்கள். பதினான்கு வடிவங்களிலும் உள்ள பத்து ரூபாய்க் காசு எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்ல வேண்டியிருந்தது. ஒரு காசு செல்லாது என்று விரட்டுவதும், இன்னொரு காசு லட்சம் பெறும் என்று பூட்டி வைப்பதும் ஒரே அறியாமையின் இரண்டு விளைவுகள். இரண்டிலும் காசு புழக்கத்தை விட்டுப் போகிறது. மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் நீட்டுகிற கடைக்காரரை மட்டும் குறை சொல்கிறோம்.

காசு வாங்குகிறவர்களுக்கும் நட்டம். இராமர் பட்டாபிஷேகம் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி, ஒரு அணா, 1818 என்று பொறித்த வட்டுகளை ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். அப்படி ஒரு அணாக் காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. கோயில் வாசலில் விற்ற நினைவு வில்லைகளின் வழிவந்த கற்பனைப் பொருள் அது. இதில் என்னை மிகவும் வருத்துவது, தெய்வ உருவம் போட்ட உண்மையான கம்பெனிக் காசு சென்னையிலேயே பிறந்திருக்கிறது என்பதுதான். 1808-ஐ ஒட்டி வெளிவந்த கால் வராகன் வெள்ளிக் காசில் ஒரு புறம் விண்மீன்கள் சூழ்ந்த கோபுரம், மறுபுறம் திருமால், சுற்றிலும் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. எத்தனை தமிழர்கள் அதைப் பார்த்திருப்பார்கள்? போலியை லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

6.

சில்லறையோடு போனால் பரவாயில்லை. இந்த ஆசை மண்ணையும் ஆற்றையும் தொட்டுவிட்டது. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துச் சங்ககாலக் காசுகளை எடுத்து விற்றது பழைய செய்தி. அப்படி வந்தவற்றில் சேரர் காசும் உண்டு, ரோமானியர் காசும் உண்டு. படிக்கத் தெரிந்தவர் கண்ணில் பட்டவை பிழைத்தன; படாதவை உலோக எடைக்குப் போயின. கோவைக்கு அருகே வெள்ளலூரில் 19-ஆம் நூற்றாண்டில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்ததால்தான், கொங்குப் பாதையில் ரோமானிய வணிகம் நடந்ததை இன்று உறுதியாகப் பேச முடிகிறது. ஒரு குவியலில் எந்தக் காசோடு எந்தக் காசு இருந்தது, எந்தப் பானையில், எந்த ஆழத்தில் இருந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது. நாலு பேர் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு எண்ணுக்குப் படம் அனுப்பினால், அந்தக் காசுகள் பிழைத்தாலும் செய்தி செத்துவிடும். மண்ணுக்குள் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லிருந்து சட்டம் இருக்கிறது. லட்சம் பேசுகிற காணொளி எதிலாவது இந்தச் சட்டத்தைச் சொன்னார்களா?

இனி ஒரே ஒரு எதிர்க்கேள்வி மிஞ்சும். ஆசையாகத் தேடுகிறார்கள், அதையும் ஏன் கெடுக்கிறீர்கள் என்பது. தேடலைக் கெடுப்பது என் நோக்கமே அல்ல. இல்லாததைத் தேடுவதால் இருப்பது கண்ணில் படுவதில்லை என்பதுதான் என் புகார். தஞ்சையில் 1995-ல் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவம் போட்டு இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் வந்தன. அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாயில் அவர் கையெழுத்து தமிழில் இருக்கிறது. பெரிய கோயில் ஆயிரமாண்டு நிறைவுக்கு 2010-ல் ஐந்து ரூபாய் வந்தது. சாதாரணக் காசிலும் ஆண்டெண்ணுக்குக் கீழே பாருங்கள், எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று தெரியும்: வைரம் போன்ற குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், சிறு புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரு பள்ளிப் பிள்ளை ஒரு ஆண்டுக்கு நான்கு நாணயச்சாலைகளின் காசையும் சேர்க்க முயன்றால் மாதக்கணக்கில் சலிக்காது. செலவு, காசின் முகமதிப்பு மட்டுமே. நட்டமில்லாத தேடல் என்ற பெயர் இதற்குத்தான் பொருந்தும்.

வீட்டில் வெள்ளி ரூபாய் இருந்தால் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், விளிம்பைப் பிடித்து எடுங்கள். நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தேய்மானத்துக்குச் சற்றுக் குறையலாம், 11.66 கிராமிலிருந்து வெகுவாக விலகினால் சந்தேகப்படுங்கள். விற்பதானால் படம் அனுப்பி முன்பணம் கட்டாதீர்கள்; கடை வைத்திருக்கும் இரண்டு மூன்று வியாபாரிகளிடம் நேரில் காட்டி விலை கேளுங்கள். விற்காவிட்டால், அது யாருடையது, எந்த ஊரில் இருந்தார், எப்படி வந்தது என்று தெரிந்த பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக் காசோடு உறைக்குள் போட்டு வையுங்கள்.